பதினொரு பயன்கள், ஒரு பேனர்

பிலோமின்ராஜ் ஜூடோ கற்கப் போனது மனைவியைப் பாதுகாக்கத்தான். இதை அவரே பாலக்கரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் லூர்துராணி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதுவரை வியாழக்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தங்கை லிசியைப் பார்க்க பஸ் ஏறிப் போய் வருவாள். அது நின்றது. "தனியா விட்டா விழுந்துருவ" என்றார் பிலோமின்ராஜ். முப்பத்து நான்கு வருடம் வங்கி மேனேஜராகக் கையெழுத்துப் போட்டவர் சொன்னால் அது ஆர்டர். லூர்துராணிக்கும் பயம்தான். ஈரத் தரையைக் கண்டாலே கால் நின்றுவிடும்.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் ஜென்சி என்ற ரயில்வே ஊழியர் மாலை நேரத்தில் வகுப்பு எடுத்தாள். பிலோமின்ராஜ் வெள்ளை உடையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு போய் நின்றார். பின்னாலேயே லூர்துராணி, தண்ணீர் பாட்டிலுடன். வீட்டில் தனியாக விட முடியாதல்லவா?

முதல் பாடம், விழுவது.

"ரெண்டு மாசம் இதான் சார். தாடையை உள்ள இழுங்க. கையை ஊனாதீங்க, தரையில ஓங்கி அடிங்க. முதுகு தானா உருண்டு போகும்."

"நான் அடுத்தவனைத் தள்ளக் கத்துக்க வந்திருக்கேம்மா. விழறதுக்கு எதுக்கு டீச்சர்? அதெல்லாம் இவளே நல்லா விழுவா."

பெஞ்சில் இருந்த லூர்துராணியைக் காட்டினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜென்சி சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, சும்மாதானே உக்காந்திருக்கீங்க? வாங்க."

லூர்துராணி செருப்பைக் கழற்றினாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின்னால் சாய்வதற்கே முதல் நாள் அரைமணி நேரம் ஆயிற்று. கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் மகளின் பழைய சுடிதாரில் வந்தாள். பிலோமின்ராஜ் சுவரோரம் நின்றபடி, விழுகிறவர்களுக்கு மூச்சுவிடும் முறையை விளக்கினார். மூன்று மாதமாகியும் அவர் உடையில் ஒரு கறை இல்லை.

ஆனால் புகழ் பரவியது, அவர்தான் பரப்பினார். ஸ்ரீரங்கத்தில் ஒரு மூத்த குடிமக்கள் மன்றம் பேச அழைத்தது. தலைப்பு, 'தற்காப்புக் கலையின் பதினொரு பயன்கள்'. மேடையில் பத்தடி அகலப் பேனர். அதில் முஷ்டியை உயர்த்திய பிலோமின்ராஜ்.

ஒரு மணி நேரம் பேசினார். எட்டாவது பயன், விழிப்பு. "முதுகுக்குப் பின்னால ஒரு ஈ பறந்தாக்கூட எனக்குத் தெரியும்!" கைதட்டல். விழுவது பட்டியலில் இல்லை.

பிறகு பொன்னாடை. மனைவியையும் மேடைக்கு அழைத்தார்கள். போட்டோகிராபருக்குத் திருப்தியில்லை.

"எல்லாரும் ஃபிரேம்ல வரணும். சார், கொஞ்சம் பின்னாடி. மேடம், நீங்களும். இன்னும் கொஞ்சம்..."

பேனருக்குப் பின்னால் சுவர் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மேடை முடிந்திருந்தது.

பேனர் கிழிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அதற்குள் மறைந்தார்கள். அடுத்த நொடி 'படார்' என்று ஒரு சத்தம். இடுப்பெலும்பு உடைந்தால் இப்படித்தான் கேட்கும் என்று முன்வரிசை முடிவு கட்டியது. "ரங்கா!" என்றார் ஒருவர். மன்றத் தலைவர் திறந்த வாயோடு மைக்கைப் பிடித்திருக்க, அவர் மூச்சு ஹால் முழுக்க ஒலிபரப்பானது.

ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் உறைந்து நின்றார்கள். இரண்டரை அடி கீழே, லூர்துராணி நின்றுகொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. உள்ளங்கை சிவந்திருந்தது, தரையை அறைந்த சத்தம்தான் அது. அங்கிருந்தவர்களில் அவள் முகம்தான் அதிகம் வெளிறியிருந்தது. இரண்டு வருடமாகப் பயந்தது வந்து, அவளுக்குத் தெரிவதற்குள் முடிந்தும் போயிருந்தது.

"விழுந்துட்டேன்" என்றாள். "ஏங்க, நான் விழுந்துட்டேங்க!"

பிலோமின்ராஜ் பக்கத்தில் கிடந்தார். கையை ஊன்றியிருந்தார். பொன்னாடைக்குள்ளிருந்து நீண்ட அந்தக் கை, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"ஈ பறந்தா தெரியும்னாரே?" என்றார் ஒரு பெரியவர்.

"ஓய், சும்மா இரும். ஆட்டோவைக் கூப்பிடும்."

மாவுக்கட்டு போட்டார்கள். "இவளைப் பிடிக்கத்தான் கையை நீட்டினேன்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார் பிலோமின்ராஜ். பன்னிரண்டாவது பயன், தியாகம்.

வியாழக்கிழமை லூர்துராணி கைப்பையை எடுத்தாள்.

"எங்க?"

"லிசி வீட்டுக்கு."

"இரு, நானும் வரேன். தனியா விட்டா..." நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மீதி இப்போது செல்லுபடியாகவில்லை.

"வேண்டாங்க. பஸ்ல கூட்டமா இருக்கும், கை இடிபடும்." செருப்பை மாட்டியவள் திரும்பினாள். "பாத்ரூமைத் துடைச்சு வச்சிருக்கேன். இருந்தாலும் பாத்துப் போங்க. தாடையை உள்ள இழுத்துக்கங்க."

தண்ணீர் லாரி போன தெரு நனைந்து கிடந்தது. அவள் கால் நிற்கவில்லை.

ஜன்னலில் நின்று அவள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார் பிலோமின்ராஜ். பிறகு அக்கம்பக்கம் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெல்லத் தாடையை உள்ளே இழுத்துப் பார்த்தார்.