திறக்காத கேரியர்

சலாதிகா நகரில் எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவை நடத்திவந்தவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்து யார் என்றதும் எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான்: லாரஸ், பார்த்தீனாவின் மகள்.

"யாரையும் கேக்காம ஒரு படம் போட மாட்டா. வளர்ப்புன்னா அது!"

பார்த்தீனாவின் எதிர்வீட்டு வுர்யானிக்கு வயிறு எரிந்தது. அவள் மகள் நிமாஸுக்கும் அதே வயதுதான். நிமாஸின் பெயரை ஒருத்தர்கூட எடுக்கவில்லை.

மறுநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது, யாரோ ஒரு வாலிபனின் பைக்கில் லாரஸ் பின்னால் உட்கார்ந்து போவதை வுர்யானி பார்த்தாள். உடனே போனை எடுத்தாள். படம் குழுவுக்குப் போயிற்று, கூடவே இரண்டு வார்த்தை: "நல்ல வளர்ப்பு!"

தெருவே சிரித்தது. லாரஸ் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிமாஸ் அம்மாவின் போனை வாங்கிப் படத்தை அழித்தாள். பிறகு எழுதினாள்: "அம்மா போனிலிருந்து அனுப்பியது நான்தான், நிமாஸ். லாரஸைக் கேட்காமல் போட்டது தப்பு. மன்னிக்கவும்."

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? உன் பேரை நீயே கெடுத்துக்கிட்டியே!"

"பெருநாளைக்கு அக்கம்பக்கத்துக்கு என்கிட்ட சாப்பாட்டுக் கேரியர் குடுத்து அனுப்பும்போது என்னம்மா சொல்லுவீங்க? மூடியைத் திறக்காதே, யார் வீட்டுக்கு என்ன போகுதுன்னு வழியில சொல்லாதேன்னுதானே? லாரஸ் யார்கூடப் போனா நமக்கென்ன?"

சாயங்காலம் காய்கறி வண்டியருகே ஒருத்தி சொன்னது வுர்யானியின் காதில் விழுந்தது.

"லாரஸ் எங்கே, இந்த நிமாஸ் எங்கே! கால் தூசி பெறுவாளா?"

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பார்த்தீனா பெண்ணின் கால் தூசியா என் பெண்? வாங்கிய கீரையை வண்டியிலேயே போட்டுவிட்டு, அங்கே நின்றபடியே குழுவில் எழுதினாள்: "படத்தை அனுப்பியது நான், வுர்யானி. பொறாமையில் செய்தேன். என் மகள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். யார் வளர்ப்பு எப்படி என்று இனி யாரும் பேச வேண்டாம்."

வீட்டுக்கு வந்து தேங்காய்ப்பால் விட்டுக் கோழிக்குழம்பு வைத்தாள். கேரியரில் அடுக்கி நிமாஸிடம் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். எங்கள் தெருவில் கேரியர் வெறுமையாகத் திரும்பினால் உறவு அறுந்தது என்று அர்த்தம்.

நிமாஸ் திரும்பி வரும்வரை வுர்யானி வாசலைவிட்டு நகரவில்லை.

"பார்த்தீனா உள்ளே என்னடி வச்சா?"

"நான் எங்கம்மா பார்த்தேன்?"

"கனமா லேசா, அதையாவது சொல்லேன்!"

"கேரியர்தான் இப்ப உங்க கையிலயே இருக்கே."

வுர்யானி திறந்தாள். லாப்பிஸ் கேக். தாள் தாளாக, ஒன்றுபோல் மெல்லிய அடுக்குகள். அவள் செய்தால் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கருகிப்போகும்.

மூச்சு சீராக வந்தது. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"பாவி, இதுலயும் என்னைவிட ஒரு படி மேலதான்!"