அப்பாவின் சட்டையில் இருந்த தூசி

மூன்றாவது கல்லில் லாரியின் முன்கண்ணாடி நொறுங்கியது. ஊர்க்காரர்கள் ஓட்டுநரை இழுத்து அரியலூர் சாலையில் போட்டார்கள். முதலில் உதைத்தவன் ஜெயசுதாவின் தம்பி தமிழழகன்.

"எங்கப்பன ஏத்திக் கொன்னுட்டு நின்னு வேடிக்கையாடா பாக்குற?"

"நான் இல்லீங்க. ஆளு கெடக்குறாரேன்னுதாங்க நிறுத்துனேன்."

அடுத்த உதையில் ரத்தத்தோடு ஒரு பல் வந்து விழுந்தது.

பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த ஜெயசுதா, அப்பா இளையபெருமாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு இடுப்புக்குக் கீழே உருவமே இல்லை. மோதிய லாரி சிந்திவிட்டுப் போன சிவப்புத் தூசி முகத்திலும் சட்டையிலும் அப்பியிருந்தது. துடைத்தாள். விரல் நுனியில் அது கனத்தது. செவ்வாய் கிரகத்துத் தூசியைப் போல ஒன்றைக் கலந்து, அது காந்தத்தில் எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பதுதான் இரண்டு வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை.

பையிலிருந்த இரண்டு காந்தங்களில் ஒன்றைத் தாளில் சுற்றிச் சட்டைமேல் வைத்தாள். தூசி முடிமுடியாகச் சிலிர்த்து நின்றது. எழுந்துபோய் லாரியின் பின்பலகையில் இன்னொன்றைத் தாளில் சுற்றி வைத்தாள். அங்கும் அதே சிவப்பு. ஆனால் நாலைந்து துகள்தான் ஒட்டின. இது சுண்ணாம்புக்கல் சுரங்கத்துச் செம்மண். அப்பாமேல் கிடப்பது சிமெண்ட் ஆலைக்குப் போகும் இரும்புத்தாதுத் தூள்.

"தமிழு, இந்த லாரி இல்லடா! இதப் பாரு!"

"செவ்வா கெரகத்துல போயிக் காட்டு அத. தள்ளு."

இரு கைகளாலும் கல்லைத் தூக்கியிருந்தான். அவள் ஓட்டுநரின் தலைமேல் கவிழ்ந்தாள். யாருடைய உதையோ விலாவில் இறங்கியது.

"போடு. என்னையும் சேத்துப் போடு. அப்பாவ அடிச்சவன் இந்நேரம் லோடு எறக்கிட்டு டீ குடிச்சிட்டிருப்பான்."

அவள் கையில் சிலிர்த்து நின்ற தூசியை அவன் பார்த்தான். கல் காலருகே விழுந்தது. "நிறுத்துங்கடா!" என்று கத்தினான். யாரும் நிறுத்தவில்லை. உதைத்துக்கொண்டிருந்த சித்தப்பா மகனை அவன் ஓங்கி அறைந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

ஓட்டுநரின் காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அப்பாவை மூட உத்திராபதி மாமா புது வேட்டி கொண்டுவந்தார். ஜெயசுதா அதைப் பிடுங்கி, பல்லால் கிழித்து ஓட்டுநரின் தலையில் சுற்றினாள்.

"ஏய், ஒங்கப்பனுக்குக் கொண்டாந்ததும்மா!"

"இவருக்கு மூச்சு இருக்கு மாமா. ஆம்புலன்ஸக் கூப்புடுங்க."

அப்பாவின் முகத்தில் வெயில் நேராக அடித்தது. தமிழழகன் பக்கத்தில் வந்து, தன் நிழல் அதன்மேல் விழும்படி இரண்டடி நகர்ந்து நின்றான்.