மூக்கைப் பொத்திய சுவர்

வெண்ணிப்பாக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியின் தெற்குச் சுவரிலிருந்து, ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது பதினொரு செத்த மீன்கள் விழுந்தன. எல்லாம் ஜிலேபிக் கெண்டை. உள்ளங்கை அகலம், வெளுத்த கண், உப்பி ஓரத்தில் வெடித்த வயிறு. சுவர் ஏழடி உயரம், தொண்ணூறு அடி நீளம். பள்ளியின் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் சேர்ந்து முந்தின வாரம்தான் அதில் ஓர் ஏரியை வரைந்து முடித்திருந்தார்கள். மீன்கள் இருந்த இடங்களில் இப்போது மீன் வடிவத்தில் பதினொரு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. வழிபாடு முடிகிறவரை யாரும் அசையவில்லை. முடிந்ததும் ஆறாம் வகுப்பில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள்.

ஓவியம் கம்பெனியின் யோசனை. ஏரிக்கு மேற்குக் கரையில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியிலிருந்து ராஜசேகர் என்ற அதிகாரி பெயிண்ட் டப்பாக்களோடு வந்திறங்கி, தன் தொழிற்சாலை லைனை எப்படிப் பிரிப்பாரோ அப்படியே பள்ளியைப் பிரித்தார். ஆறாம் வகுப்புக்குத் தண்ணீர். ஏழாம் வகுப்புக்கு மீன். எட்டாம் வகுப்புக்குக் கரையில் நிற்கும் மனிதர்களின் கைகால். ஒன்பதுக்கு முகம். பத்தாம் வகுப்புக்குச் சிரிப்பு மட்டும். வாரத்தில் மூன்று அரைநாள் வரும் ஓவிய ஆசிரியர் அந்தோணிராஜ் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். எட்டாம் வகுப்பு இசக்கிசெல்விக்கு வாய்த்தது இடது கை. யார் உடம்பில் ஒட்டப்போகிறது என்று தெரியாமலே நாற்பது இடது கைகளை வரைந்தாள். கட்டைவிரல் மட்டும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கோணலாக வந்தது.

தவறு நடந்தது தண்ணீரில். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாட்டில் ஊர்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும், எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றி அதில்தான் பெயிண்டைக் கரைக்க வேண்டும், அதுதான் ஒற்றுமை என்று தலைமை ஆசிரியை சசிகலா அறிவித்திருந்தார். வெண்ணிப்பாக்கத்தில் தண்ணீர் என்றால் இருபது லிட்டர் கேன். வேறு அர்த்தம் அங்கே யாருக்கும் தோன்றாது. ஆனால் இசக்கிசெல்வி மே மாதம்தான் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கமிருந்து தாய் மாடத்தியோடு வந்தவள். அவளுக்கு ஊர்த் தண்ணீர் என்றால் ஊருக்குள் கிடக்கிற தண்ணீர். ஆறில்லாத ஊரில் ஏரிதானே என்று, வாடகை லைன் வீட்டுக்குப் பின்னால் இறங்கிப் போனாள். கணுக்கால் வரை கறுப்புச் சேறு ஏறியது. சோப்பு நுரைபோல் மஞ்சளாய்ப் படர்ந்திருந்ததைக் கையால் விலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை முக்கினாள். மறுநாள் டிரம் அருகே அவளுக்குப் பின்னால் நின்ற அம்சவல்லி பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி இது, மாடு கழுவுன தண்ணியா?”

“ஊர்த் தண்ணி.”

“இத்தப் போயி எவ தண்ணின்னு சொல்லுவா? ஊத்தித் தொலை, யாராவது பாத்துடப் போறாங்க.”

நானூற்றுப் பதினொரு பாட்டில் கேன் தண்ணீரில் அந்த ஒரு பாட்டில் கலந்தது. நிறம்கூட மாறவில்லை.

மீன் விழுந்த நாளிலிருந்து சுவர் வியர்த்தது. வரைந்த ஏரியின் ஓரமெல்லாம் நுரை தள்ளி, மதிய வெயிலில் காய்ந்து, பொருக்குத் தட்டி, சத்துணவுத் தட்டுகளில் உதிர்ந்தது. அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் சேர்ந்த நாற்றம் சட்டைக்குள் புகுந்து வீடுவரை வந்தது. வரைந்த கொக்கின் கால்கள் முட்டிவரை கறுத்தன. சசிகலா டீச்சர் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார். இரண்டு முறையும் ஏரி மறுநாளே மேலே வந்தது, முன்பைவிட ஒரு விரற்கடை உயரமாக. வியாழக்கிழமை காலையில் பார்த்தபோது கரையில் நின்ற நாற்பது பேரும், விவசாயி, நர்ஸ், கம்பெனிச் சீருடையில் இரண்டு பேர், ஊஞ்சலில் ஆடும் குழந்தை உட்பட, இடது கையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ராஜசேகர் வந்து, போன சிரிப்பைத் திரும்ப வரையச் சொன்னார். வாயைக் கை மறைத்திருந்ததால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையின் மேலேயே சிரிப்பை வரைந்தார்கள். மறுநாளும் அவர்கள் கையை எடுக்கவில்லை. புறங்கையில் ஒரு சிரிப்போடு மூக்கைப் பொத்தி நின்றார்கள். கோணல் கட்டைவிரல்களைப் பார்த்த இசக்கிசெல்விக்கு அவை யாருடைய கைகள் என்று தெரிந்தது. அன்றைக்கு அவளால் சோறு விழுங்க முடியவில்லை.

சுவரைக் கெடுத்தது யாரென்று தெரிந்தால் அந்த நிமிடமே டி.சி. என்று தலைமை ஆசிரியை மைக்கில் சொன்னார். இசக்கிசெல்வி இரண்டு வருடத்தில் பார்த்த மூன்றாவது பள்ளிக்கூடம் இது. மாடத்தி அதே கம்பெனி கேன்டீனில் ஒப்பந்தக்காரர் மூலம் எச்சில் தட்டு கழுவுகிறவள். இங்கே சேர்த்த அன்றைக்கே மகளிடம் சொல்லியிருந்தாள்: “ஏட்டி, இன்னொரு டி.சி.யத் தூக்கிட்டு வந்தேன்னா நூல் மில்லு ஆஸ்டல்தான். அழுது பிரயோசனம் இல்ல, பாத்துக்க.” அது வெறும் மிரட்டல் இல்லை. சித்தி மகள் முத்துச்செல்வி பதினான்கு வயதில் அந்த ஆஸ்டலில் தங்கி மில் வேலைக்குப் போனவள். இப்போது அவள் இருமினால் சளியோடு பஞ்சு வரும். அதை விரலால் இழுத்து எடுப்பாள்.

அடுத்த திங்கட்கிழமை ராஜசேகர் ஒரு வெள்ளைப் பலகையைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். கம்பெனியில் ஒரு பொருள் கெட்டுப்போனால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த ஏன். ஐந்தாவது பதில்தான் உண்மையான காரணம். அதேபோல் இங்கேயும் ஐந்து கோடு போட்டார். சுவர் ஏன் நாறுகிறது? கரைத்த தண்ணீர் கெட்டது என்றார் அந்தோணிராஜ். முதல் கோடு நிறைந்தது. தண்ணீர் ஏன் கெட்டது? பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யார் வீட்டில் எந்தக் கேன் என்று சசிகலா டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார். அம்சவல்லி தன் வீட்டுக் கேனின் பெயரைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அடுத்து நின்ற இசக்கிசெல்விக்கு ஒரு கேனின் பெயரும் வாயில் வரவில்லை. ஏரியில் மொண்டதாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள், அவள் மேலிருந்தே நாற்றம் வருவதுபோல். ராஜசேகர் இரண்டாவது கோட்டில் ‘மாணவி ஏரித் தண்ணீர் கொண்டுவந்தாள்’ என்று எழுதி, அடியில் பட்டையாக ஒரு கோடு இழுத்து, நீல மார்க்கரை மூடினார். டி.சி. புத்தகம் எடுத்துவர ஆள் போயிற்று.

வந்த நாளிலிருந்து வகுப்பில் எழுந்து ஒரு வார்த்தை பேசாதவள் இசக்கிசெல்வி. ஆனால் கம்பெனியில் ஐந்து ஏன் எழுதிக் கழித்துப்போடும் தாள்களை, மகள் கணக்குப் போட்டுப் பார்க்க மாடத்தி வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவற்றின் முதுகில் கணக்குப் போட்டவளுக்கு முன்பக்கமும் தெரியும். ஒரு தாளிலும் இரண்டோடு நின்றதில்லை.

“இன்னும் மூணு ஏன் இருக்கு ஸார்,” என்றாள்.

ராஜசேகர் திரும்பிப் பார்த்தார்.

“ஏரித் தண்ணி ஏன் நாறுது ஸார்?”

யாரும் கை நீட்டிச் சுட்டிக்காட்டவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் சுவருக்கு மேலாகப் பார்த்தார்கள். கம்பெனியின் பின்புறத்திலிருந்து ஏரிக்குள் இறங்கும் குழாய் அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து மஞ்சளாக ஒழுகிக்கொண்டிருந்தது. சுவரில் கம்பெனிச் சீருடையில் இருந்த இருவரும் மற்றக் கையையும் தூக்கி மூக்கில் வைத்தார்கள். ராஜசேகர் கைக்குட்டையால் பலகையைத் துடைத்தார். பிறகு நாற்றம் தாளாமல் அதே கைக்குட்டையை முகத்தில் வைத்தார். மூக்கு நீலமாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. ஒரு மீட்டிங் இருக்கிறதென்று கிளம்பிவிட்டார்.

டி.சி. புத்தகத்தில் பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்று ஓர் இடம் உண்டு. சசிகலா டீச்சர் பேனாவைத் திறந்து, அந்த இடத்தில் முள்ளை வைத்தார். இரண்டாவது ஏனின் பதிலை எழுதினால் படிக்கிறவர் மூன்றாவது ஏனைக் கேட்பார். நீல மையில் ஒரு பொட்டு விழுந்து தாளில் ஊறியது. புத்தகத்தை மூடினார்.

“உனக்கு வாய் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது. போய் உக்காரு.”

அப்படித்தான் இசக்கிசெல்வி அந்தப் பள்ளியிலேயே படித்தாள். ஓவியத்துக்குச் சுகாதார விழிப்புணர்வு என்று பெயர் மாற்றி, ஆகஸ்டில் திறப்பு விழா வைத்தார்கள். மேடையிலிருந்த பெரியவர்கள் ஒருவரும் மூக்கைத் தொடவில்லை. பல்லைக் காட்டியபடி வாயால் மூச்சுவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றார்கள். பேச வந்த ஒருவர் தொண்டைவரை வந்ததை இரண்டு முறை விழுங்கிவிட்டுப் பேசினார். மாவட்ட அளவில் முதல் பரிசும் கிடைத்தது. மக்கள் கூட்டத்தில் மூக்கைப் பொத்தக் கற்றுத்தரும் அருமையான ஓவியம் என்று சான்றிதழில் எழுதியிருந்தார்கள். தினமும் காலையில் ஒரு கூடை மீன் விழுந்தது. காக்கை தொடாததால் குழி வெட்டிப் புதைத்தார்கள். மழைக்காலத்தில் இரண்டு கூடை. புதிதாக வருகிற ஆசிரியர்கள் முதல் வாரம் கைக்குட்டையோடு நடப்பார்கள், இரண்டாவது வாரம் அது பையில் கிடக்கும்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மாதம், அறிவியல் பாடம் ஒப்பித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்கு நிழல் தேடிய இசக்கிசெல்வி, சுவரோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். தயிர்சோறு, மாங்காய் ஊறுகாய். நான்காவது வாய் எடுக்கும்போது ஒரு கெண்டை சோற்றின் ஓரத்தில் விழுந்தது. வால் ஊறுகாயைத் தொட்டது. அவள் அதை வாலைப் பிடித்துத் தூக்கி, கூடையில் போட்டுவிட்டு, அது கிடந்த இடத்துச் சோற்றை மட்டும் விரலால் ஒதுக்கினாள். மீதியைச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவப் போனாள்.