தழும்பைச் சுற்றிய கொடி

ஹஃப்சா அக்கா பாக்கெட்டைப் பிரித்து, மருதாணி ஸ்டிக்கரை என் இடது உள்ளங்கையில் ஒட்டினார். மேசைக்கு அந்தப் பக்கம் நாகராசு, ஃபேன் காற்றில் பில்கள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். புதுக்கோட்டையில் ஸ்டிக்கரை அச்சடித்து மாவட்டம் முழுக்க ஃபேன்ஸி ஸ்டோர்களுக்கு அனுப்புவது அவருடைய கம்பெனிதான்.

ஸ்டிக்கர் என்பது வேறொன்றுமில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் டிசைனை ஓட்டைகளாக வெட்டியிருப்பார்கள். கையில் ஒட்டி, மருதாணியைப் பூசி, காய்ந்ததும் உரித்தால் ஓட்டை இருந்த இடம் மட்டும் சிவந்திருக்கும். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கல்யாணங்களுக்கு மருதாணி வரைகிற அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் இந்த டிசைன் அவர் வரைந்தது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தி, "பாக்கெட்ல விக்கிறதப் பாத்துப் போடுறதுக்கு ஒங்கள எதுக்கு வரச்சொல்லணும்?" என்று கேட்டு, பாதியில் அனுப்பிவிட்டார். கோட்டைப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி வரை அக்காவுக்கு இப்போது காப்பியடிக்கிறவர் என்று பெயர்.

நாகராசு சிரித்தார். "கொடி, பூ, மாங்கா எல்லாம் ஒங்க பாட்டன் சொத்தாம்மா?"

"பூ யாருக்கும் சொந்தமில்லண்ணே. எந்தப் பூவுக்குப் பக்கத்துல எது வரணும், கொடி எங்கிட்டு வளையணும்னு முடிவு பண்ணேன் பாருங்க, அது என்னோடது. சுடர், கையக் காட்டு."

காட்டினேன். கட்டைவிரலுக்குக் கீழே, சின்ன வயதில் அரிவாள்மனை கிழித்த தழும்பு. தழும்பில் மருதாணி ஒழுங்காகப் பிடிக்காது, திட்டுத்திட்டாக நிற்கும். என் கல்யாணத்துக்கு வரைந்தபோது அக்கா கொடியை அந்த இடத்தில் வளைத்து, தழும்பை வெளியே விட்டுவிட்டுப் போனார். அந்தப் படத்தைத்தான் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். ஸ்டிக்கரிலும் கொடி அங்கேதான் வளைந்தது, என் தழும்பை அச்சாகச் சுற்றிக்கொண்டு. வலது கைக்கு அதையே கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டிருந்தார்கள். என் வலது கையில் தழும்பே கிடையாது. அங்கே கொடி எதற்கு வளைகிறது என்று அக்கா கேட்டார்.

நாகராசு டீ வரவழைத்தார். வரைந்து முடித்த நிமிடமே உரிமை வந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டியதில்லை என்று அக்கா வக்கீலிடம் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னார். நாகராசு குரலை இறக்கினார். டிசைன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், இனி எல்லா டிசைனும் அக்காவே போடலாம், ஆனால் கவரில் கம்பெனி பெயர் மட்டும்தான் இருக்கும் என்றார்.

"எழுதிக் குடுத்தாலும், வரைஞ்சது நான்னு சொல்லிக்கிற உரிமை என்கிட்டதான் இருக்குமாம். கவர்ல எம்பேரு வரணும்."

"கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்காகும்மா. தாங்குவீங்களா?"

"ஆகட்டும்ணே. இவ தழும்பு அழியாது."

டீயைத் தொடாமல் எழுந்தார்.

அறந்தாங்கி பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற பெண்ணின் கை சிவந்திருந்தது. அதே ஸ்டிக்கர். கட்டைவிரலுக்குக் கீழே கொடி வெறும் தோலைச் சுற்றி வளைந்திருந்தது. அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

"இத வரைஞ்சது நான்தாம்மா. இந்தக் காலி எடத்துல எம்பேர எழுதிக்கட்டா?"

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள், நான் நீட்டிய கையில் தழும்பைப் பார்த்தாள், கையை விரித்து மடியில் வைத்தாள். அக்கா பையிலிருந்து மருதாணிக் கோனை எடுத்து, அதன் முனையில் குத்தியிருந்த குண்டூசியைப் பல்லால் கடித்துப் பிடுங்கினார்.