வெறும் சட்டி திரும்பாது

தெருத்தலைவர் மஹ்யூபின் வரவேற்பறையில் அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கூடியிருந்தவர்கள் பின்வருமாறு: சன்னலோரத் திண்டில் சாய்ந்து, போதை தரும் காத் இலையைக் கன்னத்தில் அடக்கியபடி மஹ்யூப். வலப்புறச் சுவரோரம் தையற்காரர் சைஃப். வாசற்படியை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில், துப்பாக்கியை மடியில் குறுக்கே போட்டபடி மஹ்யூபின் தங்கை மகன் ஹஸ்ஸா. உள்வாசலில் தொங்கிய திரைக்கு அப்பால், அடுப்படிக்குப் போகும் நடையில் பெண்கள். முதலில் மஹ்யூபின் மனைவி ஷுஆ, அடுத்து சைஃபின் மனைவி அல்தாஃப், எல்லாருக்கும் கடைசியாக மாடிப்படியின் அடியில் தக்கியா. இரண்டு பக்கத்துக் குரலும் கேட்கும்படி திரையின் ஓரத்தில், மடியில் பலகையோடு, கணக்கெடுக்க வந்த திக்ரா.

மாடிப்படியின் அடியைத் தக்கியா தேடிப் பிடித்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும். 'போதவில்லை.' அவ்வளவுதான். இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று. தூங்குகிற பிள்ளைகளின் பக்கம் திரும்பிக்கூடச் சொல்லிப் பார்த்தாயிற்று. அப்போதெல்லாம் சுலபமாகத்தான் வந்தது.

இந்தச் சிக்கல் வந்த விதம் இது. ஏடனிலுள்ள நிவாரண அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மாதாமாதம் தொலைபேசியில் கூப்பிடுவாள். அதே வீடுகள், அதே கேள்விகள். சண்டை தொடங்கியபின் தாயிஸ் நகரத்துக் குடும்பங்கள் எப்படிக் காலம் தள்ளுகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. "சாப்பாடு எப்படி இருக்கு?" என்பாள். இந்தச் செக்கடிச் சந்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மஸ்தூர், அல்ஹம்துலில்லாஹ்." மூடியிருக்கிறது, இறைவனுக்கே புகழ் என்று பொருள். வீட்டில் எது இல்லையோ அது வெளியே தெரியாமல் இறைவன் மூடி வைத்திருக்கிறான் என்று பொருள். கேட்டவளும் இந்த நாட்டுக்காரிதான். அவள் தாயும் இதையே சொல்லியிருப்பாள். ஆனால் அவளிடம் இருந்தவை 'போதும்', 'போதாது' என்ற இரண்டு கட்டங்கள். இறைவனைப் புகழ்கிறவர்களைப் 'போதாது'வில் போட அவளுக்கு மனம் வரவில்லை. செக்கடிச் சந்து தேறிவிட்டது என்று மேலே போயிற்று. மாதாமாதம் வந்துகொண்டிருந்த நிவாரண மாவு நின்றது.

திக்ரா தகராறு செய்ததில், அவளே நேரில் ஒருமுறை கேட்டு, தெருத்தலைவர் முத்திரையோடு கடிதம் அனுப்பினால் பார்க்கலாம் என்றது ஏடன் அலுவலகம். குண்டில் தொலைபேசிக் கோபுரம் விழுந்ததிலிருந்து கூப்பிடவும் வழியில்லை. கடிதம் ஓட்டுநர் ஹாயிலின் வண்டியில் போக வேண்டும். மலைப்பாதையில் காவல்சாவடி மூடுவதற்குள் அவன் கிளம்பிவிடுவான். இன்று போகாவிட்டால் மாவு வேறு தெருவுக்கு ஒதுக்கப்பட்டுவிடும்.

தக்கியாவின் கணவன் தண்ணீர் வண்டி ஓட்டப் போனவன், திரும்பவில்லை. மகன் ரம்ஸியும் அவன் தங்கையும் ரொட்டிக்கடையில் மிஞ்சும் துண்டுகளைத் தேநீரில் நனைத்துத் தின்கிறார்கள். நேற்று துண்டும் மிஞ்சவில்லை.

"கேளும்மா," என்றார் மஹ்யூப். "என் முன்னாலயே கேளு. நம்ம தெருவுல ஒளிவு மறைவு கிடையாது."

"வீடு வீடாப் போய்க் கேட்டா நல்லாருக்கும், பெரியவரே. கூட்டத்துல கேக்குற கேள்வியா இது?" என்றாள் திக்ரா.

"போயேன்," என்றான் ஹஸ்ஸா. "மலை மேல உக்காந்திருக்கிற எதிரி உனக்காகப் பீரங்கியை நிறுத்தி வைக்கிறேன்னு சொல்லியிருக்கானா?"

தூரத்தில் ஒரு குண்டு விழுந்தது. சன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் உள்ளே புடைத்து அடங்கியது. திக்ரா பேனாவைத் திறந்தாள்.

"சைஃப் அண்ணே, உங்க வீட்டுல சாப்பாடு போதுமா?"

சைஃப் தாடியைத் தடவினார். மஹ்யூபைப் பார்த்தார். "மஸ்தூர், அல்ஹம்துலில்லாஹ்."

"அப்படி எழுதினா அவங்க 'போதும்'னு படிப்பாங்க. அல்தாஃப் அக்கா, நீங்களாவது சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

"வேற என்னத்தைச் சொல்லச் சொல்றே?" திரைக்குள்ளிருந்து அல்தாஃப் சீறினாள். "கொடுத்தவனைக் குறை சொல்லவா? நன்றி கெட்டவளா நான்?"

"சரி. உம்மு ரம்ஸி, நீங்க?"

ரம்ஸியின் தாய் என்றால் தக்கியாதான். சொல்லு, சொல்லு என்று தன்னையே பிடித்துத் தள்ளினாள். வாய் திறந்தது.

"மஸ்தூர்," என்றாள். "அல்ஹம்துலில்லாஹ்."

அந்தச் சொல் அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. தும்மலை அடக்கவா முடிகிறது? திக்ராவின் பேனா காகிதத்தில் நகரும் ஓசை கேட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று.

வெளியே ஹாயிலின் வண்டி வந்து நின்றது. ஹாரனை ஊதினான்.

திக்ரா அடுத்த வரிக்குப் போனாள். குரலில் அவசரம். "இந்த வாரம் அக்கம்பக்கத்துக்கு ஏதாவது சமைச்சு அனுப்பினீங்களா? யாராவது?"

"அனுப்பறதா?" ஷுஆ சிரித்தாள். "அனுப்பப் பாத்திரம் வேண்டாமா? என் பித்தளைச் சட்டி தக்கியா வீட்டுக்குப் போய் எத்தனை காலமாச்சு! நோன்புக்கு முன்னால அவரைக்காய் வச்சு அனுப்பினேன். காயும் போச்சு, சட்டியும் போச்சு. அங்கேயே குடியிருக்குது."

"உம்மு நஷ்வான், நான்..." ஷுஆவை அவள் மகன் பெயரால் அழைத்துத் தக்கியா தொடங்கினாள்.

"கேட்டா நாளைக்கு, நாளைக்குன்னு. என் கல்யாணச் சட்டி அது. பாத்திரத்தை அமுக்கிக்கிறவளோட எப்படித்தான் ஒரே தெருவுல இருக்கிறதோ!"

அமுக்கிக்கிறவள். தக்கியா எழுந்தே விட்டாள். தலை மாடிப்படியில் இடித்தது.

"நான் திருடி இல்ல!" என்றாள். குரல் திரையைத் தாண்டி வாசல்வரை போயிற்று. "சட்டியைத் தேய்ச்சுக் கவுத்து வச்சிருக்கேன். வெறும் சட்டியை எப்படித் திருப்பி அனுப்புவேன்? என் தாய் அனுப்பியிருப்பாளா? உன் தாய் அனுப்பியிருப்பாளா? ஒரு பிடி பேரீச்சம்பழமாவது, ரெண்டு ரொட்டியாவது போட்டுத்தானே குடுக்கணும்? போட ஒண்ணுமில்ல, ஷுஆ. அன்னிக்கும் இல்ல, நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல. என் பிள்ளைங்க பச்சைத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்திருக்கு!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

திக்ரா எழுதியதை அடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "இனிமே மத்ததெல்லாம் கேக்கல. திருப்பிக் குடுக்க வழியில்லாம யார் யார் வீட்டுல அடுத்தவங்க பாத்திரம் நிக்குது? அதை மட்டும் சொல்லுங்க."

அல்தாஃபின் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது: "எங்க வீட்டுல மேல்சந்துக்காரியோட தட்டு நிக்குது."

"ஏய், நிறுத்து!" மஹ்யூப் திண்டிலிருந்து நிமிர்ந்தார். "பாத்திரக் கணக்கு உன் கேள்வியிலேயே இல்ல. செக்கடிச் சந்து ரொட்டிக்கு வழியில்லாம கிடக்குன்னு ஏடன் முழுக்கப் பேசணுமா? இதுக்கு என் முத்திரை கிடையாது."

ஹஸ்ஸா எழுந்து வந்து திக்ராவின் பலகையிலிருந்து காகிதத்தை உருவினான். "எதிரி கேட்டா கொண்டாடுவான், மாமா. கிழிச்சிரவா?"

வண்டி மறுபடி ஊதியது, இம்முறை நீளமாக. மானமும் போயிற்று, மாவும் போகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் தொலைத்தவள் இந்தத் தெருவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அப்போது திரை விலகியது. ஷுஆ முகத்திரையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, அந்நிய ஆண் சைஃப் உட்கார்ந்திருந்த அறைக்குள்ளேயே வந்து நின்றாள். சைஃப் சட்டென்று தரையைப் பார்த்தார்.

"காகிதத்தைக் குடு ஹஸ்ஸா."

"அத்தை, உள்ள போங்க."

"போறேன். அதுக்கு முன்னால உன் மாமன் ஒண்ணு கேட்டுக்கட்டும்." கணவனைப் பார்த்தாள். "அந்தச் சட்டியை நான் ஏன் கேட்டேன், தெரியுமா? சமைக்கன்னு நினைச்சீங்களா? விக்க. பழைய சாமான்காரன் எடை போட்டு எடுத்துக்கிறேன்னான். நம்ம அடுப்படியில அல்தாஃபோட கிண்ணம் ரெண்டு காலியாக் கவுந்து கிடக்குது. நீங்க காத் மெல்லுற நேரத்துல நான் வெந்நீரைக் கொதிக்க வச்சு, மூடி போட்டு, அடுப்புல ஏதோ வேகுதுன்னு அக்கம்பக்கத்துக்குக் காட்டிட்டிருக்கேன். மூடினது போதும்."

மஹ்யூப் வாயிலிருந்த இலையை ஒதுக்கினார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பிறகு கையை நீட்டினார். ஹஸ்ஸா காகிதத்தைக் கொடுத்தான். அதை அவர் திக்ராவிடம் நீட்டினார்.

"எழுது," என்றார். "என் வீட்டைக் கடைசியில எழுது."

"ஊதறான், பெரியவரே. முத்திரையைச் சீக்கிரம் எடுங்க."

திக்ரா எழுதினாள். வீட்டுக்கு ஒரு வரி. முதல் வரி தக்கியாவுடையது. கேள்விக்குப் பதிலாக இவர்கள் சொல்லும் 'மஸ்தூர்' என்ற சொல்லைப் 'போதும்' என்று கொள்ளக்கூடாது என்றும், எந்த வீட்டில் அண்டைவீட்டுப் பாத்திரம் திரும்பாமல் நிற்கிறதோ அந்த வீட்டில் போட ஒன்றுமில்லை என்று கொள்ள வேண்டும் என்றும் கீழே சேர்த்தாள். திரையின் அடியில் மைப்பெட்டி உள்ளே போயிற்று. தக்கியா கட்டைவிரலை அழுத்தினாள். முதல் ரேகை கலைந்துவிட, பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். அல்தாஃப் வைத்தாள். ஷுஆவும் வைத்தாள்.

"நல்லா மடி," என்று மட்டும் சொன்னார் மஹ்யூப். உறையின் பசையை நாக்கால் ஈரப்படுத்தினார். காத் இலையின் பச்சை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையால் தேய்த்து மூடி, மடிப்பின் மேல் முத்திரையைக் குத்தி, ஹஸ்ஸாவிடம் கொடுத்தார். ஹஸ்ஸா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பில்லாமலே படியிறங்கி ஓடினான். நகரத் தொடங்கிவிட்ட வண்டியின் சன்னலுக்குள் உறையை நீட்டினான். ஹாயில் அதை வாங்கிச் சட்டைக்குள் செருகி, மலைப்பாதையில் வண்டியைத் திருப்பினான்.