தண்ணீர் வரிப் பிரிவு

கேன்டீன் தொலைக்காட்சியின் அடியில் ஓடிய எழுத்துகளில் எங்கள் ஊர் ஏரியின் பெயரைப் பார்த்தபோது டீயை அப்போதுதான் வாயருகே கொண்டுபோயிருந்தேன். கரை உடைந்துவிட்டது, கால்வாய் ஓரத் தெருக்களை நோக்கித் தண்ணீர் பாய்கிறது என்று ஒரே ஒரு வரி. அதுவும் ஓடி மறைந்து, விளையாட்டுச் செய்தி வந்துவிட்டது.

கால்வாய் ஓரத்தில்தான் என் தம்பியின் பட்டறை. வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தைக்க உட்கார்ந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செல்போனை எங்கோ மூலையில் சார்ஜில் போட்டுவிடுவான். போன வருடம் பாலத்தருகே அபாயச் சங்கு ஒன்று வைத்து, ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அது அன்று ஊதவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். ஊதியிருந்தாலும் அவனுக்கு என்ன?

நான் வேலை பார்க்கும் துணி ஆலையிலிருந்து ஊருக்கு நீண்ட பேருந்துப் பயணம். வீடியோ கால் போட்டேன், எடுக்கவில்லை. அவசர எண்ணை அழைத்தால், என் அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் இனிமையாகச் சொல்லிவிட்டு இசை போட்டது. இசை முடிந்ததும் இணைப்பு அறுந்தது. மறுபடியும் அதே குரல், அதே இசை. செல்போனில் தேடியதில் நகராட்சியின் எண் ஒன்றே ஒன்று அகப்பட்டது. கோடையில் குழாய் வறண்டபோது சண்டை போடுவதற்காகப் பதிந்து வைத்தது.

உடனே ஒரு பெண் எடுத்தார். "தண்ணி வரி, சொல்லுங்க."

"மேடம், தண்ணி வருது!"

"வந்தா நல்லதுதானேம்மா."

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

"ஏரி உடைஞ்சிடுச்சா? எங்களுக்கே யாரும் சொல்லலையே. வெள்ளத்துக்கு மேல் மாடியில தனிப் பிரிவு இருக்கும்மா. எல்லாரும் மீட்டிங்ல இருக்காங்க."

"என்ன மீட்டிங்?"

"வெள்ளம் வந்தா என்ன பண்றதுன்னு."

சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. குரல் மாறியது. "தம்பிக்குக் காது கேக்காதுன்னு சொன்னீங்கல்ல? லைன்ல இருங்க. வெச்சிடாதீங்க."

இன்னொரு போனில் அவர் பேசுவது கேட்டது. "அண்ணே, மீட்டர் பாக்க இன்னிக்கு எந்தத் தெரு? அப்பாடா. பாலத்துக்குப் பக்கத்துல சீட் கவர் பட்டறை தெரியுமா? ஓடுங்க. கூப்பிட்டா கேக்காது, உள்ள போய்த் தோளைத் தொடுங்க. போற வழியில எல்லாக் கதவையும் தட்டுங்க."

பிறகு என்னிடம் வந்தார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. தம்பிக்குச் சாப்பாடு யார் செய்கிறார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

மீட்டர் பார்க்கிறவர் ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்து தோளைத் தொட்டபோது, தம்பி அவரது சீருடையைப் பார்த்துச் சிரித்து, மீட்டர் வெளியே இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்திருக்கிறான். அவர் அவன் முகத்தைப் பிடித்துத் தரைப்பக்கம் திருப்பினாராம். வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்து மாடி ஏறுவதற்குள் இருவரும் இடுப்பளவு நனைந்துவிட்டார்கள். அங்கிருந்து அவர் போனில் எனக்கு வீடியோ கால் போட்ட தம்பி, தையல் மெஷின் போச்சு என்று கையை விரித்தான். "மெஷின் கிடக்கட்டும்டா!" என்று நான் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உடனே ஊருக்குப் பேருந்து ஏறினேன். அது பாதி வழியில் நின்றுபோனது. முன்னால் சாலையே தெரியவில்லை. அப்போதுதான் எல்லாருடைய செல்போன்களும் ஒன்றாக அலறின. தாழ்வான பகுதிகளில் இருப்போர் உடனடியாக வெளியேறவும். ஜன்னலோரம் இருந்த பெரியவர் வெளியே தண்ணீரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "எங்கேருந்துப்பா வெளியேறறது?" என்றார்.

வெள்ளம் வடிந்ததும், சங்கு ஊதாததைத் திட்டி எழுதிய மனுவோடு நானும் தம்பியும் நகராட்சிக்குப் போனோம். கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் என் பக்கத்தில் தம்பி நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் செருப்புச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்து, கோபத்துக்கு இடமில்லாமல் போனது.

வரிப் பிரிவில் நீண்ட வரிசை. அன்று போனில் பேசியவர் நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன்.

"அழாதீங்கக்கா. மனுவை நல்லா உறைக்கற மாதிரி எழுதியிருக்கீங்களா? எல்லாத் தடவையும் நானே போன் எடுப்பேனா?" என்றார். அதற்குள் மேஜைத் தொலைபேசி அடித்தது.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழிந்த இருக்கையிலிருந்து பஞ்சு பிதுங்கியிருந்தது. சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கவுன்டரைச் சுற்றி உள்ளே போனான். எழுந்திருங்கள் என்று கையால் சொன்னான். அவர் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி, ஒன்றும் புரியாமல் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். வரிசையே எட்டிப் பார்க்க, அவன் மண்டியிட்டு அந்த இருக்கையை அளக்க ஆரம்பித்தான்.