கதவோரம் கேட்ட சொல்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட, இது உரக்கச் சொல்லுற கதை இல்லை, ஒரு தையக்காரம்மா மனசுக்குள்ளேயே மெஷின் மாதிரி தடதடன்னு ஓடினது, சொல்றேன் கேளுங்க… வித்துடலாம்னுதான் சொன்னாங்க, அதில் சந்தேகமே இல்லை, “அம்மாகிட்ட சொல்லாம வித்துடலாம்”, அவர் குரல்தான், கட்டின புருஷன் குரல் கூடவா தெரியாது, பஸ் ஓட்டி ஓட்டிப் பழகிய குரல், ரகசியம் பேசினாலும் கடைசி சீட்டு வரைக்கும் போகும், அதற்கு மகள் “சரிப்பா” என்றாளே, அதுதான் நெஞ்சில் ஊசி மாதிரி ஏறியது. வருஷத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், சமையலறைக் கதவு பாதி சாத்தியிருந்தது, தண்ணீர் குடிக்கப் போனவள் குடிக்காமலே திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள், அன்றைக்குத் தைத்த பேண்டுக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. எதை விற்கப் போகிறார்கள் என்று கேட்க வேண்டுமா என்ன? தெருவைப் பார்த்த இந்த முன்னறையைத்தான், அவளுடைய தையல் கடையைத்தான். பக்கத்து மருந்துக்கடைக்காரர் அந்தச் சுவரை இடித்துக் கடையைப் பெரிசாக்க எத்தனை நாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார், பார்க்கும்போதெல்லாம் பல்லைக் காட்டுகிறாரே, சும்மாவா காட்டுவார்?

இதோ வருஷத்தின் கடைசிச் சாயங்காலம், உள்ளே டிவியில் போனை இணைத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த வருஷத்துப் போட்டோக்களையெல்லாம் வரிசையாய்ப் பார்த்து, நல்லதாய் ஒன்றைப் பெரிசாக்கி ஹாலில் மாட்டப் போகிறார்களாம், மகள் வந்து தோளைத் தொட்டு, “வாம்மா, நல்லது எவ்வளவு நடந்திருக்கு, பாக்கலாம்” என்றாள். “இந்த ஜிப்பை மாத்திட்டு வரேன்.” நல்லதாம். எது நல்லது? அவர் ரிட்டயர் ஆனதா? வீட்டில் உட்கார்ந்த கையோடு அவர் செய்த முதல் வேலை, அவள் கழுத்தில் கிடந்த டேப்பையே உருவிக்கொண்டு போய் இந்த அறையை அளந்ததுதான், நீளம், அகலம், கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும். “என்னங்க அளக்குறீங்க?” “சும்மா பொழுது போகல.” பொழுது போகாதவன் நடந்துவிட்டு வரலாம், டீ குடித்துவிட்டு வரலாம், அறையையா அளப்பான்? அடுத்த வாரமே மாப்பிள்ளையும் அவருமாய் மெஷினைத் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள், இடது பக்கம் இருந்த வாசல் வலது பக்கம் வந்துவிட்டது, இங்கேதான் வெளிச்சம் நல்லா விழுதாம், ஜன்னல் என்னமோ இருந்த இடத்திலேதான் இருக்கிறது! வாங்க வருகிறவனுக்கு அறை விசாலமாய்த் தெரியணும், அதற்குத்தான். கல்யாணப் பெண்ணைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற மாதிரி அறையைக் காட்டுகிறார்கள்…

அவள் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா என்று கேட்காதீர்கள். இடது காது போய்விட்டதை அவளும்தான் சொல்லவில்லை. போன வருஷக் கடைசியில் ஒரு நாள் காலையில் மிதித்தால் மெஷின் அடுத்த வீட்டில் ஓடுகிற மாதிரி கேட்டது, எண்ணெய் போட்டாள், பெல்ட்டை மாற்றினாள், அப்புறம்தான் பழுது மெஷினில் இல்லை என்று புரிந்தது. நூல் அறுந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும், காது எதற்கு? ஆனால் வாசலில் நிற்பவர் “இடுப்பை லூசா வைங்க” என்றது “இடுப்பை பீசா வைங்க” என்று விழுந்தால் என்ன செய்வது, திரும்பக் கேட்டால் கிழவிக்குக் காது கேட்கலை என்று தெரு முழுக்கப் பரவிவிடும், அவரும் மகளும் அதையே சாக்காக வைத்து, போதும் நீ தைச்சது என்று கடையைச் சாத்திவிடுவார்கள். சொல்லக் கூடாது. போனை வலது காதில் வைத்துக்கொண்டாள், தலையை லேசாய்ச் சாய்த்துக் கேட்கப் பழகிக்கொண்டாள், யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு சாமர்த்தியம். இப்போதெல்லாம் வாசலில் வருகிறவர்கள் பேசுவது நன்றாகவே காதில் விழுகிறது, எல்லாருக்கும் தொண்டை திறந்துகொண்டது போல.

வருஷம் பிறந்ததுமே பேத்தி பிறந்தாளே, அது நல்லதுதான், அதில் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும்… ஆனால் அதிலும்தான் மகள் ஒரு முள் வைத்தாள். குழந்தையை எப்போது வாங்கினாலும், “இந்தத் தோள்ல போடும்மா”, வலது தோளில்தான், இடது பக்கம் சாய்த்தால் ஓடி வந்து மாற்றிப் போடுகிறாள். ஏன், இந்தக் கைக்கு என்ன கேடு? கையிலும் நம்பிக்கை இல்லையா? அப்புறம் அந்த ஆள், பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், கடையின் கூரையைப் பார்த்தான், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான், அவள் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லம்மா, பாத்துட்டுப் போலாம்னு” என்றான், இவன்தான் வாங்கப் போகிறவன் என்று அவளுக்கு அன்று சோறே இறங்கவில்லை. மறுபடி வந்து மெஷினுக்கு நேர் எதிரே ஒரு சிவப்பு பல்பு மாட்டிவிட்டுப் போனான், வாசல் மணியை அழுத்தினால் பல்பும் எரியும். “இது எதுக்கு?” “இப்பல்லாம் எல்லா வீட்டுலயும் இப்படித்தான் அத்தை, புது பேஷன்” என்றான் மாப்பிள்ளை, பொய் சொன்னால் மூக்கைச் சொறிவான், அன்றைக்கு மூக்கு சிவக்கச் சொறிந்தான். விற்கிற வீட்டுக்கு ஜோடனை!

ஜிப்பை முடித்துவிட்டு உள்ளே போனாள், சோபாவில் வலது ஓரத்துக் கைப்பிடியை ஒட்டி உட்கார்ந்தாள், இடது பக்கம்தான் இடம் காலி, அவர் வந்து அங்கே உட்காரட்டும், முகத்தைப் பார்க்காமலே இருந்துவிடலாம். அவர் வந்தார், காலி இடத்தைப் பார்த்தார், போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். “அங்கதான் இடம் இருக்கே?” “அங்க காத்து வரல.” காற்றாடி தலைக்கு நேர் மேலே சுற்றுகிறது! படங்கள் ஓடின. “மாமா, ரிட்டயர் ஆன அன்னைக்கு நீங்க அழுதது சிக்கிடுச்சு.” “அது தூசி மாப்ள.” “தூசிக்கு இவ்வளவு தண்ணியா மாமா?” எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, படத்தில் வேறு எதையோ பார்த்தாள். அவர் அவளுக்கு வலது பக்கம் நிற்கிறார். அடுத்த படம், தடுப்பூசி போடப் போன ஆஸ்பத்திரி, குழந்தை அவள் வலது தோளில், மகள் வலது பக்கம் குனிந்து என்னமோ சொல்கிறாள். கடற்கரை, மாப்பிள்ளை வலது பக்கம். ஒரு படத்தில் அவர் பாதி கலங்கலாய், அவள் பின்னால் சுற்றிக்கொண்டு இடதிலிருந்து வலதுக்கு ஓடுகிறார்… வருஷம் முழுக்க அவள் இடது பக்கம் ஆளே இல்லையே, யாரோ வெட்டி எடுத்த துணி மாதிரி…

கடைசியில், வரிசை தப்பி ஒரு படம், இடது பக்கத்திலிருந்து எடுத்தது, அவள் மெஷினில் குனிந்திருக்கிறாள், பின்னால் தொட்டிலில் குழந்தை வாயெல்லாம் திறந்து அழுகிறது, இவள் முகத்திலோ அப்படி ஒரு நிம்மதி. “வருஷ ஆரம்பத்துல எடுத்ததும்மா, அம்மா அம்மான்னு எத்தனை தடவை கூப்…” என்று தொடங்கிய மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தான். அவர் வலது பக்கத்திலிருந்து மெதுவாய்ச் சொன்னார், “அதை விட்டுடலாம்மா, அடுத்தது போடு.”

விட்டுடலாம். அதே குரல், அதே இழுப்பு. பாதி சாத்திய கதவு, எந்தப் பக்கம் இருந்தது அது… இடது பக்கம். அம்மாகிட்ட சொல்லாம… விட்டுடலாம். ஐயோ, அந்த ரெண்டு எழுத்தை வைத்துக்கொண்டா ஒரு வருஷத்தைத் தைத்தாள்? இல்லை, இப்போதுதான் தனக்கு வசதியாய்ப் பிரித்துத் தைத்துக்கொள்கிறாளோ? மருந்துக்கடைக்காரர் பல்லைக் காட்டுவது நிஜம்தானே… கேட்டால் தெரிந்துவிடும், கேட்டால் காதையும் சொல்ல வேண்டுமே, இத்தனை பேர் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தெரியாத மாதிரி இருக்கும்போது. சிணுங்கிய குழந்தையை மகள் நீட்டினாள், அவள் கை தானாகவே வலது தோளுக்குக் கொண்டுபோனது. “விட வேணாம்” என்றாள், தன் குரலே அவளுக்குப் புதிதாய்க் கேட்டது, “அதையே பெருசாக்கி மாட்டுங்க.” “எதுக்கு அது?” என்றார் அவர். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டுமே, இல்லை கேட்டது என்றே நினைத்துக்கொள்ளட்டுமே…

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டுல கூப்பிடுற குரல் ஒவ்வொண்ணும் உங்க காதுல நல்லபடியா விழணும், விழாத நாள்ல, சொல்லாம கொள்ளாம நாற்காலியை இழுத்து இந்தப் பக்கம் போட்டு உக்கார ஒருத்தர் இருக்கணும், நல்லா இருங்க.